விரைவுச் செடான் வண்டிக்குச் சக்கர அளவும் டயர் வகையும்

திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரி நோக்கிச் செல்லும் பழைய பெருஞ்சாலை பாலராமபுரம், நெய்யாற்றின்கரை, அமரவிளை, உதயன்குளங்கரை, பாறசாலை ஆகிய ஊர்களைக் கடந்து களியக்காவிளையில் தமிழ்நாட்டினுள் புகுகின்றது. 1956-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் நாள் விளவங்கோடு வட்டம் சென்னை மாநிலத்துடன் இணைந்தது. அதையடுத்துள்ள நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. எல்லைக்கோடு இவ்வாறு அமைந்தபோதிலும், சந்தைக்கும் பள்ளிக்கும் உறவினர் இல்லத்திற்கும் மக்கள் அதனை நாள்தோறும் கடந்து வருகின்றனர். அவர்கள் ஏறிச்செல்லும் வண்டிகளுள், தாழ்ந்த உடலும், பின்புறம் தனிப் பெட்டியறையும், சாதாரணக் குடும்ப வண்டியினும் மிக்க விசையுடைய பொறியும் கொண்ட செடான் வகையும் இப்போது இடம்பெற்றுவிட்டது.

இத்தகைய வண்டியை வாங்கியவர்க்குப் பெரும்பாலும் சில திங்களுக்குள் ஓர் ஆசை பிறக்கின்றது. ஆலையில் பூட்டிய சக்கரம் சிறியதாகத் தோன்றுகின்றது. அதனைக் கழற்றிவிட்டுப் பெரிய அலாய்ச் சக்கரமும் அகன்ற டயரும் பூட்டலாமா என்று வினவத் தொடங்குகின்றார். கற்றவர் என்னும் காரணத்தால் அவ்வினா ஆசிரியரையும் கிராமப் பணியாளரையும் வந்தடைகின்றது. சொந்தமாக வண்டி இல்லாத ஆசிரியருக்கும் இதில் அக்கறை உண்டு. நடைபாதையற்ற சாலையோரத்தில் குடையுடன் நடந்து பள்ளிக்கு வருவோர் அவருடைய மாணவர்களே அல்லரோ!

இப்பகுதியைப் பொறுத்தவரை விடையை முதலிலேயே கூறிவிடலாம். வண்டி செய்தோர் அனுமதித்துள்ள அளவுகளுள் சிறிய சக்கரத்தையும் உயர்ந்த பக்கச்சுவரையும் கொள்க. அதனால் மிஞ்சும் பணத்தை நனைந்த சாலையில் நன்கு பற்றும் டயருக்குச் செலவிடுக. அழகு பற்றிய வாதத்தில் நாம் தலையிட வேண்டுவதில்லை. ஏனைய காரணங்களைக் கீழே ஆராய்வோம்.

சாலையும் மழையும்

தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் ஆகிய இரண்டையும் பெறும் நிலம் இது. திருவனந்தபுரத்தில் ஆண்டு மழையளவு ஏறத்தாழ 1,800 மில்லிமீட்டர். ஜூன் மாதத்தில் ஒரு முறையும் அக்டோபர் மாதத்தில் மறுமுறையும் மழை மிகுகின்றது. மேட்டு நிலங்களைக் குடைந்து சாலை போடப்பட்டுள்ள இடங்களில் செம்புறாங்கல் மண் கரைந்து வழிந்து, தார்ப்பரப்பின்மீது மெல்லிய சேற்றுப்படலமாகப் படிகின்றது. நெடுநாள் வறட்சிக்குப்பின் பெய்யும் முதல் மழையில், வண்டிகள் சிந்திய எண்ணெயும் தூசியும் நீருடன் கலந்து வழுக்கலை உண்டாக்கும். நல்ல மழை தொடர்ந்து பெய்து சாலையைக் கழுவிய பின்னரே பிடிப்பு ஓரளவு திரும்பும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை ரப்பர் மரங்கள் இலையுதிர்க்கும் காலம். தோட்டங்களினூடே செல்லும் கிளைச் சாலைகளில் அவ்விலைகள் பனியில் நனைந்து கிடக்கும் விடியற்காலையும் எச்சரிக்கைக்குரியதே.

ஒரே வண்டி ஒரே நாளில் மூன்றுவகைச் சாலைகளைக் காண்கின்றது. கழக்கூட்டத்திலிருந்து காரோடு வரையுள்ள புறவழிச்சாலையின் தென்பகுதி சிமெண்டுக் காங்கிரீட்டால் ஆனது. அங்கு வேகம் எளிதில் கூடும். பழைய பெருஞ்சாலையோ குறுகியது. கடைவீதிகளும் வளைவுகளும் நிறைந்தது. அதனின்று பிரிந்து வெள்ளறடை, குன்னத்துக்கால் பக்கம் செல்லும் ஊர்ச் சாலைகளில் ஏற்றமும் இறக்கமும், மழைக்குப்பின் நீர் தேங்கி ஆழம் தெரியாத குழிகளும் உண்டு. டயரைத் தேர்ந்தெடுப்பவர் மனத்தில் முதலாவது சாலை மட்டும் இருந்தால் முடிவு பிழைபடும். ரிம் வளைவதும் டயர் புடைப்பதும் பெரும்பாலும் மூன்றாவது வகைச் சாலையிலேயே நேருகின்றன.

பக்கச்சுவரில் பொறித்த எண்கள்

டயரின் பக்கச்சுவரில் 205/55 ஆர் 16 91 வி என்று பொறித்திருப்பதாகக் கொள்வோம். வோக்ஸ்வாகன் விர்ட்டஸ் ஜி.டி., ஹூண்டாய் வெர்னாவின் டர்போ வகை ஆகிய வண்டிகளில் காணப்படும் அளவு இதுவே. 205 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 55 என்பது பக்கச்சுவரின் உயரம் அவ்வகலத்தில் நூற்றுக்கு 55 பங்கு என்பதைக் குறிக்கும். எனவே உயரம் ஏறத்தாழ 113 மில்லிமீட்டர். ஆர் என்பது ரேடியல் அமைப்பு. 16 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். ஒரே வரியில் மில்லிமீட்டரும் விகிதமும் அங்குலமும் கலந்து நிற்பது விந்தையே. எனினும் உலகெங்கும் இம்முறையே வழங்குகின்றது. 91 என்னும் எண் டயர் ஒன்று தாங்கும் சுமை 615 கிலோகிராம் என்பதையும், வி என்னும் எழுத்து மணிக்கு 240 கிலோமீட்டர் வரை ஓடத் தக்கது என்பதையும் காட்டும் குறியீடுகள்.

ரிம்மின் விட்டத்துடன் பக்கச்சுவரின் உயரத்தை இருமுறை கூட்டினால் சக்கரத்தின் முழு விட்டம் கிடைக்கும். மேற்கண்ட டயருக்கு அது 632 மில்லிமீட்டர். சுற்றளவு 1,985 மில்லிமீட்டர். அதாவது ஒரு கிலோமீட்டர் செல்வதற்குள் சக்கரம் ஏறத்தாழ 504 முறை சுழல்கின்றது. வேகமானியும் தூரமானியும் இச்சுழற்சி எண்ணிக்கையைக் கொண்டே கணக்கிடுகின்றன. பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் கருவியும் சக்கரங்களின் சுழல்வேகத்தையே ஓயாது அளந்து பார்க்கின்றது. ஆகையால் ரிம்மை மாற்றினாலும் முழு விட்டம் மாறலாகாது என்பது இத்துறையின் முதல் விதியாகும்.

இவ்விதியைப் பின்பற்றி ரிம்மைப் பெரிதாக்கினால் நிகழ்வது யாது? 16 அங்குலத்திலிருந்து 17 அங்குலத்திற்குச் சென்று 225/45 என்னும் டயரைப் பூட்டினால் முழு விட்டம் 634 மில்லிமீட்டர். பக்கச்சுவரோ 101 மில்லிமீட்டராகக் குறைகின்றது. 18 அங்குலத்திற்குச் சென்று 225/40 டயரைப் பூட்டினால் விட்டம் 637. பக்கச்சுவர் 90 மட்டுமே. இரும்பு அல்லது அலாய் வளர்ந்த அளவிற்கு ரப்பரும் காற்றும் குறைகின்றன. விதியை அறியாது 205/55 அளவையே 17 அங்குல ரிம்மில் பூட்டுவாராயின் விட்டம் 657 மில்லிமீட்டராகும். வேகமானி 60 என்று காட்டும்போது வண்டி 62 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் செல்லும். பள்ளத்தில் இறங்கும்போது டயர் சக்கர மறைப்பில் உரசுதலும் நேரக்கூடும்.

இதனினும் நுட்பமான ஒரு குறை பலர் கண்ணில் படுவதில்லை. 225/40 ஆர் 18 அளவில் சாதாரண வகை டயரின் சுமைக் குறியீடு 88. அது 560 கிலோகிராமையே தாங்கும். முன்னர் இருந்த டயரோ 615 கிலோகிராம் தாங்கியது. அகலம் கூடியும் தாங்கும் திறன் குறைந்துவிட்டது! காரணம், சுமையைத் தாங்குவது பெரும்பகுதி உள்ளே அடைபட்ட காற்றே. காற்றறை சிறுத்தால் அதன் திறனும் சிறுக்கும். அவ்வளவில் எக்ஸ்.எல். என்று பொறித்த வலுவூட்டிய வகை உண்டு. அதன் குறியீடு 92, சுமை 630 கிலோகிராம். ஐவர் அமர்ந்து, பெட்டியறையில் தேங்காய்ச் சாக்கும் ஏற்றிச் செல்லும் இடத்தில் இவ்வேறுபாட்டை நோக்காது விடுதல் தகாது.

வண்டி செய்தோரே இரண்டு அளவுகளை அனுமதித்திருப்பின் தேர்வு எளிது. ஹோண்டா சிட்டியின் ஐந்தாம் தலைமுறை வண்டி 185/60 ஆர் 15 என்னும் அளவிலும், உயர்ந்த விலை வகைகளில் 185/55 ஆர் 16 என்னும் அளவிலும் வெளிவந்தது. முழு விட்டம் முறையே 603, 610 மில்லிமீட்டர். வேறுபாடு நூற்றுக்கு ஒன்றே. டயரின் அகலமும் ஒன்றே. ஆனால் பக்கச்சுவர் 111 மில்லிமீட்டருக்கும் 102 மில்லிமீட்டருக்கும் வேறுபடுகின்றது. குன்னத்துக்கால் சாலைக்கு 15 அங்குலமே ஏற்றது என்று நான் தயங்காது கூறுவேன்.

பக்கச்சுவர் செய்யும் பணி

டயர் என்பதற்கு ‘உருளிப்பட்டை' என்று கலைச்சொல் ஆக்கியுள்ளனர். மாட்டுவண்டிச் சக்கரத்தில் தச்சரும் கொல்லரும் காய்ச்சி ஏற்றிய இரும்புப் பட்டையை நினைவூட்டும் நல்ல சொல்லே அது. எனினும் எல்லைக்கு இருபுறமும் பஞ்சர் கடைகளில் டயர் என்பதன்றி வேறு சொல் செல்லாதாகையால் இக்கட்டுரையிலும் அதனையே ஆண்டுள்ளோம். இரும்புப் பட்டைக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு காற்றாகும். பெல்ஃபாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்டு டன்லப் 1888-ஆம் ஆண்டில் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். அதற்கும் முன்னரே, 1845-ஆம் ஆண்டில், ராபர்ட் தாம்சன் என்பவர் அக்கருத்தைக் கண்டிருந்தார். அன்று அதற்கு உரிய வண்டிகள் இல்லை.

ரேடியல் அமைப்பை விளக்க ஆசிரியருக்குப் பாலராமபுரத்துக் கைத்தறி வேட்டி ஒன்று போதும். நூல் ஓடும் திசையில் அதனை இழுத்தால் நீளாது. மூலைவாட்டாக இழுத்தால் நீண்டு கொடுக்கும். பழைய டயர்களில் உள்ளிழைகள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டி மூலைவாட்டாகச் சென்றன. ஆதலால் பக்கச்சுவர் அசையுந்தோறும் தரையைத் தொடும் முகப்பும் சேர்ந்து நெளிந்தது. வெப்பமும் தேய்மானமும் மிகுந்தன. பிரான்சு நாட்டு மிஷலின் நிறுவனம் 1946-ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்ற ரேடியல் முறையில், இழைகள் ஒரு விளிம்பிலிருந்து மறுவிளிம்பிற்கு நேராகச் செல்கின்றன; முகப்பின் அடியில் எஃகுக் கம்பிப் பட்டைகள் தனியே சுற்றப்பட்டுள்ளன. பக்கச்சுவர் வில்போல் அசைந்து கொடுக்க, முகப்பு தரையில் தட்டையாகப் படிந்து நிற்கின்றது.

ஆகவே பக்கச்சுவர் வெறும் சுவரன்று. வண்டியின் முதல் வில் அதுவே. குழியின் விளிம்பில் மோதும்போது 113 மில்லிமீட்டர் சுவர் நசுங்குவதற்கு இடம் உண்டு. 90 மில்லிமீட்டர் சுவருக்கு அவ்விடம் குறைவு. ரிம்மின் விளிம்பிற்கும் குழியின் விளிம்பிற்கும் நடுவே டயர் நசுக்குண்டு இழைகள் அறுகின்றன. சில நாட்களில் அவ்விடத்தில் கோழிமுட்டை போன்ற புடைப்பு தோன்றும். உள்ளிருந்து தள்ளும் காற்றைத் தாங்க அங்கு ரப்பர் ஒன்றே எஞ்சியுள்ளது என்பதே அதன் பொருள். புடைத்த டயருக்கு ஒட்டு வேலை கிடையாது. அதனை நீக்கியே ஆகவேண்டும். பெரிய அலாய்ச் சக்கரம் பெரும்பாலும் எடையும் மிக்கதாகையால் ஒவ்வொரு மேடுபள்ளத்திலும் அதனைக் கட்டுப்படுத்த வில்லும் அதிர்வடக்கியும் கூடுதலாக உழைக்கின்றன என்பதையும் சேர்த்து எண்ணுக.

தாழ்ந்த பக்கச்சுவரால் நன்மையே இல்லையோ எனின், உண்டு. திருப்புகருவியைச் சிறிது அசைத்தவுடன் வண்டி திரும்பும். உலர்ந்த வளைவில் உறுதி மிகும். பந்தயத் திடலில் இது பெரிய பயன். உதயன்குளங்கரைக் கடைவீதியில் பஸ்ஸுக்குப் பின்னால் ஊர்ந்து செல்பவருக்கு அப்பயன் கிட்டும் வாய்ப்பு அரிது.

அஞ்சலட்டை அளவு நிலம்

1,200 கிலோகிராம் எடையுள்ள வண்டியில் சக்கரம் ஒன்றுக்குச் சராசரி 300 கிலோகிராம் வரும். டயரின் காற்றழுத்தம் சதுர அங்குலத்திற்கு 32 பவுண்டு, அதாவது சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 2.25 கிலோகிராம். முன்னதைப் பின்னதால் வகுத்தால் 133 சதுர சென்டிமீட்டர் கிடைக்கின்றது. சாதாரண அஞ்சலட்டையின் பரப்பும் ஏறக்குறைய அவ்வளவே. நான்கு அஞ்சலட்டைகளின்மீது முழு வண்டியும் நிற்கின்றது.

அகன்ற டயரால் இப்பரப்பு கூடும் என்று பலர் நினைக்கின்றனர். எடையும் காற்றழுத்தமும் மாறாதவரை பரப்பு பெரிதும் மாறுவதில்லை, வடிவமே மாறுகின்றது. ஒடுங்கிய டயரின் தடம் வண்டி செல்லும் திசையில் நீண்டிருக்கும். அகன்ற டயரின் தடம் குறுக்கே அகன்று நீளம் குறைந்திருக்கும். உலர்ந்த வளைவில் அகன்ற தடம் உதவும். நீர் நிற்கும் சாலையிலோ எதிரே உள்ள மிகுந்த நீரைக் குறைந்த நேரத்தில் விலக்க வேண்டியுள்ளது. விலக்க இயலாதபோது டயர் நீரின்மீதே ஏறி மிதக்கின்றது. அப்போது திருப்புகருவியும் பிரேக்கும் வெறும் அலங்காரங்களே.

அமெரிக்காவின் நாசா நிறுவனத்தைச் சேர்ந்த ஹார்ன், டிரெஹர் ஆகிய இருவரும் 1963-ஆம் ஆண்டில் விமான டயர்களை ஆராய்ந்து இதற்கு ஓர் எளிய வாய்பாடு கண்டனர். காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தை எடுத்து, மணிக்குக் கிலோமீட்டரில் கூறுவதாயின் 16.7-ஆல் பெருக்க வேண்டும். 32 பவுண்டு அழுத்தத்திற்கு 94 கிலோமீட்டர் வேகம் வருகின்றது. கவனக்குறைவால் அழுத்தம் 25-ஆகக் குறைந்திருந்தால் 83. தேய்ந்த கார் டயர் ஆழமான நீரில் இதனினும் குறைந்த வேகத்திலேயே மிதக்கக்கூடும். காரோடு புறவழிச்சாலையில் இவ்வேகங்கள் அருமையானவை அல்ல.

வாரந்தோறும் காலையில், வண்டி ஓடுமுன், டயர் குளிர்ந்திருக்கையில் காற்றை அளந்து பார்க்க வேண்டும் என்பது இதனால் விளங்கும். நைட்ரஜன் அடைப்பதற்குத் தனிக் கட்டணம் வாங்குவோர் உளர். நாம் சுவாசிக்கும் காற்றிலேயே நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜன் இருக்கின்றது என்பதை அறிவியல் ஆசிரியர் அவ்விடத்தில் நினைவூட்டலாம்.

எந்த வகை டயர்?

நம் நாட்டுச் சமவெளியில் பனிக்கால டயருக்கு வேலையில்லை. கரடுமுரடான காட்டுப்பாதைக்குரிய டயரும் செடானுக்கு வேண்டா. முகப்பில் நெடுக்குவாட்டில் மூன்று அல்லது நான்கு அகன்ற பள்ளங்கள் உடையதும், அவற்றிலிருந்து பக்கங்களுக்கு நீர் வடியும் கிளைப்பள்ளங்கள் உடையதுமான டயரே இங்கு வேண்டும். பந்தய நோக்கில் மென்மையாகச் செய்த டயர் உலர்ந்த சாலையில் நன்கு பற்றும். விரைவில் தேய்வதும் அதுவே.

முகப்பின் ரப்பர் பற்றியும் சிறிது கூற வேண்டும். எல்லைக்கு இருபுறமும் விடியற்காலையில் பால்வெட்டு நிகழ்வதைக் காணாத மாணவன் இல்லை. முற்றங்களில் உலரும் ரப்பர் ஷீட்டே டயராகின்றது என்று அவன் எண்ணுவதில் தவறில்லை. ஆயினும் டயரின் எப்பகுதி என்பதில் நுட்பம் உள்ளது. இயற்கை ரப்பர் நெளியும்போது குறைவாகவே சூடேறும், எளிதில் கிழியாது. ஆகவே லாரி, விமான டயர்களில் அதன் பங்கு மிகுதி. கார் டயரில் பக்கச்சுவரிலும் உட்கூட்டிலும் அது சிறப்பாக இடம்பெறுகின்றது. காரின் முகப்பிலோ ஸ்டைரின்–பியூட்டடையீன் என்னும் செயற்கை ரப்பரே பெரும்பங்கு. ஈரச் சாலையின் நுண்ணிய மேடுபள்ளங்களில் ரப்பர் படிந்து, தன் அசைவாற்றலை வெப்பமாக இழக்கும்போதுதான் பிடிப்பு உண்டாகின்றது. நன்கு துள்ளும் ரப்பர் ஆற்றலை இழப்பதில்லை. எனவே எளிதில் உருளும், பற்றுவது குறைவு. துள்ளாத ரப்பர் பற்றும், ஆனால் எரிபொருளைத் தின்னும். 1990-களின் தொடக்கத்திலிருந்து முகப்பு ரப்பரில் கரித்தூளுக்குப் பெரும்பகுதி மாற்றாகச் சிலிக்காவைச் சேர்த்து இவ்விரு குணங்களையும் ஒருங்கே பெற முயன்று வருகின்றனர். ஆகையால் கடையில் கேட்க வேண்டிய முதற்கேள்வி டயரின் ஈரப் பிடிப்பைப் பற்றியதே. 2022-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வெளியிட்ட அறிவிக்கை, உருளல் தடை, ஈரப் பிடிப்பு, உருளும் ஒலி ஆகிய மூன்றிற்கும் ஏ.ஐ.எஸ். 142 என்னும் தரத்தை விதித்தது. டயரில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருத்தலும் கட்டாயம்.

ஈரப் பிடிப்பின் மதிப்பைக் கணக்கிட்டே காணலாம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி, உராய்வுக் கெழு 0.7 ஆயின் பிரேக் பிடித்த பின் 20 மீட்டரில் நிற்கும். கெழு 0.4-ஆகக் குறைந்தால் 35 மீட்டர் வேண்டும். இடைப்பட்ட 15 மீட்டர், பள்ளி வாயிலில் சாலையைக் கடக்கும் குழந்தைகளின் வரிசை முழுவதும் அடங்கும் நீளம்.

கார் டயரின் முகப்புப் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையலாகாது என்பது மத்திய மோட்டார் வாகன விதி. பட்டறைகளில் ‘பட்டன்' என்று கூறும் இம்முகப்புக் கட்டைகளின் நடுவே, பள்ளத்தின் அடியில், சிறு மேடுகள் அமைந்திருக்கும்; முகப்பு அவற்றின் மட்டத்திற்குத் தேய்ந்துவிட்டால் அது சட்டப்படி மொட்டை டயர். இவ்வூர் மழைக்கு 3 மில்லிமீட்டரிலேயே மாற்றிவிடுதல் நன்று. இரண்டு டயர்களை மட்டும் மாற்றுவதாயின், முன்சக்கரங்கள் இழுக்கும் வண்டியாயினும், புதியவற்றைப் பின்புறத்தில் பூட்டுக. முன்புறம் வழுக்கினால் வேகத்தைத் தளர்த்தி மீளலாம். பின்புறம் வழுக்கினால் வண்டி சுழன்றுவிடும்.

சட்டம் பற்றி ஒரு சொல். 2019-ஆம் ஆண்டு ஜனவரியில், கேரளத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில், வண்டி செய்தோர் வகுத்த அமைப்பிற்கு மாறாக மோட்டார் வாகனத்தை மாற்றியமைக்கலாகாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மோட்டார் வாகனச் சட்டம் மத்தியச் சட்டமாகையால் பாறசாலையில் குற்றமானது களியக்காவிளையில் குற்றமற்றதாகிவிடாது. சக்கர மறைப்புக்கு வெளியே துருத்தி நிற்கும் டயர் அதிகாரிகளின் கண்ணில் முதலில் படும். விபத்து நேர்ந்தபின் இழப்பீடு கோருகையில் காப்பீட்டு நிறுவனத்தின் கண்ணிலும் படும்.

வகுப்பறைக்கு ஒரு பயிற்சி

மேனிலை மாணவர்களைக் கொண்டு மேற்கண்ட கணக்கைப் பள்ளித் திடலிலேயே சோதிக்கலாம். நிறுத்திய கார் ஒன்றின் டயரில், தரையைத் தொடும் இடத்தில், சுண்ணக்கட்டியால் கோடிட்டு, தரையிலும் ஒரு கோடிடுக. ஓட்டுநர் ஒருவர் இருக்கையில் அமர்ந்திருக்க, வண்டியை மெல்லத் தள்ளிச் சக்கரம் ஐந்து முறை சுழன்றவுடன் நிறுத்தி, கடந்த தூரத்தை அளந்து ஐந்தால் வகுக்க வேண்டும். பக்கச்சுவர் எண்களிலிருந்து கணக்கிட்ட சுற்றளவினும் இது நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கு குறைந்திருக்கும். வண்டியின் எடையால் டயர் அடியில் தட்டையாவதே அக்குறைவின் காரணம். காற்றைச் சிறிது குறைத்து மீண்டும் அளந்தால் தூரம் மேலும் குறைகின்றதா என்பதையும் மாணவர் காணட்டும். குறைவு மிகச் சிறிதாகையால் அளவுநாடா துல்லியமாயிருத்தல் வேண்டும். பக்கச்சுவரின் ஓரிடத்தில் நீள்வட்டத்தினுள் நான்கு இலக்கங்கள் காணப்படும். 2324 என்றிருந்தால் அந்த டயர் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்யப்பட்டதாகும். புதிய டயர் வாங்கும்போதும் இவ்விலக்கங்களைப் படித்துப் பார்த்த பின்னரே பணம் கொடுக்க வேண்டும்.